சர்க்கார் மரத்துக்கு ஒரு குடம்

இனாமாக வாங்கிக் குடித்த மருந்து உடம்பில் ஒட்டாது. கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவில் அந்தக் காலத்தில் இதை நம்பாத ஆள் கிடையாது. நாட்டு வைத்தியர் என்றால் வெற்றிலை பாக்கு வைத்து அதன்மேல் காசு வைக்க வேண்டும். தேள்கடிக்கு மந்திரிக்கிறவருக்கு ஒரு படி ராகியாவது கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வந்தால் இறங்கின விஷம் பாதி வழியில் மறுபடி ஏறிவிடும் என்பார்கள். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு நடுவில் சர்க்கார் ஒரு சின்ன டிஸ்பென்சரியைக் கட்டி, எல்லாருக்கும் மருந்து இலவசம் என்று போர்டும் மாட்டிவிட்டது. வருகிறவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் மிக்சர் என்ற தண்ணீர் மருந்தை வாங்கிக்கொள்வார்கள். வாங்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, கம்பவுண்டர் வீட்டுச் சமையலறை வாசலில் இரண்டு கத்தரிக்காயையோ ஒரு கை அவரைக்காயையோ வைத்துவிட்டு, அப்பாடா என்று போவார்கள்.

அந்தக் கம்பவுண்டரின் மனைவி நான். அந்தக் கத்தரிக்காய்களை நான்தான் குழம்பு வைத்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. இவருக்கு வந்த சம்பளத்தில் இவருடைய தங்கைகள் இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. குவார்ட்டர்ஸ் என்று கொடுத்த வீட்டில் மழை பெய்தால் அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று தேட வேண்டும். சர்க்காரைப் பற்றிப் பெருமையாக நினைக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிறவள் இந்த விஷயத்தில் எனக்கு நேர் எதிர்.

பேர் வேண்டாம். அவள் சொந்தக்காரர்கள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

நாங்கள் வந்து இரண்டாவது வருஷம் ஒரு புது டாக்டர் வந்தார். தெற்கே எங்கேயோ ஊர். கல்யாணம் ஆகாத ஆள். எதற்கெடுத்தாலும் மூக்கு நுனியில் கோபம். வந்த வாரமே பின்பக்கம் வந்து பார்த்தார். என் வாசலில் ஒரு சுரைக்காய் கிடந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தூக்கிக்கொண்டு போய், வைத்த ஆளைக் கண்டுபிடித்துக் கையில் திணித்துவிட்டு வந்தார். மறுநாள் ‘யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று சுவரில் பெரிதாக எழுதிவிட்டார். நியாயமான மனிதர்தான். ஆனால் என்ன ஆயிற்று? கூட்டம் பாதியாகக் குறைந்துபோனது. ஒட்டாத மருந்தை வாங்க எதற்கு இரண்டு மைல் நடக்க வேண்டும் என்று நினைத்தவர்கள், வாரத்துக்கு ஒரு நாள் குருபரப்பள்ளிக்குக் காரில் வந்துபோகும் தனி டாக்டரிடம் போனார்கள். அவர் ஊசி போடுவார், காசு வாங்குவார். அந்த மருந்து ஒட்டும். காசு இல்லாதவர்கள் இரண்டு இடத்துக்கும் போகாமல் வீட்டிலேயே படுத்துக்கிடந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலையில் எங்கள் கிணற்றடியில் கப்பி உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும், நெடுநெடுவென்று ஒரு பெண்பிள்ளை, மண்குடத்தில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மிக்சர் பாட்டில் இருந்தது. தண்ணீரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கோடையில் எங்களுக்கே காணாத தண்ணீர் அது.

ரோட்டோரம் போன மழைக்காலத்தில் மரம் நடுவிழா நடத்தியிருந்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, டிஸ்பென்சரியிலிருந்து மைல்கல் வரைக்கும் வரிசையாகப் புளியங்கன்று நட்டு, மாலை போட்டுக்கொண்டு, சோடா குடித்துவிட்டுப் போனார். சுற்றிலும் முள் கட்டினார்கள். தண்ணீர் ஊற்ற மட்டும் ஆள் போடவில்லை. பாதிக் கன்று கருகியே போய்விட்டது. உயிரோடு இருந்த முதல் கன்றின் அடியில் அவள் குடத்தைச் சாய்த்தாள்.

“யாரும்மா நீ? அது ஆஸ்பத்திரிக் கெணறு. ஊருக்குப் பொதுக் கெணறு இல்ல” என்றேன்.

“தெரியும்மா. அது சர்க்காரு கெணறு. இது சர்க்காரு மரம்.”

“அதுக்கு நீ எதுக்கு ஊத்தற?”

“மருந்து வாங்கினேன் இல்ல? டாக்டரு ஒண்ணும் வாங்க மாட்டேங்கறாரு. அப்பறம் அது எனக்கு எப்பிடி ஒட்டும்?”

“தண்ணியும் அவங்களோடது, மரமும் அவங்களோடது. நீ என்னத்தக் குடுத்த?”

அவள் காலிக் குடத்தை இடுப்புக்கு மாற்றி, அந்த இடுப்பைத் தட்டிக் காட்டினாள். “செமந்தது யாரு?”

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். மனிதருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனது. அன்றைக்கு வைத்த பேர்தான் சர்க்காரக்கா. அப்புறம் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. அவளும் அதற்கு என்னவென்று திரும்பினாள்.

பிறந்த ஊர் பாரூர். ஏரியும் வாய்க்காலும் நெல்லும் கரும்புமாகப் பார்த்து வளர்ந்தவள், மழை பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் கொள்ளு என்று கிடக்கும் மேட்டுப் பூமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டாள். வந்ததும் அவள் செய்த முதல் காரியம், காதிலும் மூக்கிலும் கிடந்ததை விற்றுக் கிணறு வெட்ட வைத்ததுதான். கூலிக்கு ஆள் போதாமல் புருஷன் பாறையை உடைக்க இவளே மண் சுமந்தாளாம். அந்தக் கிணற்றடியில் கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் கத்தரி, நல்ல வருஷமென்றால் ஒரு பாத்தி நெல். அந்தத் துண்டு நிலத்துக்குக் கிணத்துமேடு என்று பேர். அவள் குடும்பத்தில் பச்சையாக இருந்தது அது ஒன்றுதான். காதில் கம்மல் இல்லாத ஓட்டையில் ஈர்க்குச்சி செருகியிருப்பாள். கேட்டால், “கெணத்துல கெடக்குது” என்பாள்.

மகளைத் தெலுங்கில் திட்டுவாள். மாட்டைக் கன்னடத்தில் அதட்டுவாள், அது ஓசூர்ச் சந்தையில் வாங்கிய மாடு. சர்க்காரோடு பேசுவதற்கு மட்டும் தமிழ். சர்க்காரோடு என்றால் டாக்டரோடு, என் வீட்டுக்காரரோடு, தபால்காரனோடு, ரோடு போடுகிற மேஸ்திரியோடு. அவளுக்கு இவர்கள் எல்லாரும் ஒரே வீட்டு ஆட்கள். ஒருவரிடம் சொன்னதை இன்னொருவர் ராத்திரி சோறு தின்னும்போது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்றே நினைத்திருந்தாள். மைல்கல்லில் வெள்ளையடிக்க வந்தவனிடம் போய், டிஸ்பென்சரியில் கட்டுத்துணி தீர்ந்துபோச்சு, கொஞ்சம் சொல்லிவையுங்க என்று சொன்னதை நானே கேட்டேன். அவனும் பாவம், சரி என்றான்.

டாக்டருக்கு இந்த மரத்து விஷயம் தெரிந்ததும் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன்.

“இது தர்மம் இல்லம்மா. உங்க பணத்துல வாங்கின மருந்துதான். நிலத்துக்குத் தீர்வை கட்டறீங்கல்ல?”

“கட்டறங்க சாமி.”

“அதுதான் இது. ஏற்கெனவே குடுத்தாச்சு.”

“அது நெலத்துக்குக் கட்டனது. ஒடம்புக்கு என்னா கட்டனேன்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தண்ணீர் சேந்தக் கூடாது என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

அவள் தனியாக வருவதும் கிடையாது. இருமுகிறவன், சொறி பிடித்தவன், காலில் புண் வைத்தவன் என்று யாரையாவது இழுத்துக்கொண்டு வருவாள். ஒவ்வொருவருக்கும் ஒரு மரத்தைக் காட்டிவிடுவாள். வெங்காயம் விற்கும் பாய் ஒருவர் ஆறாத புண்ணோடு வந்தார். டீக்கடைக்கு எதிர் மரம் அவருக்கு. புண் ஆறி வெகுநாள் ஆன பிறகும், சந்தைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி ஊற்றிவிட்டுத்தான் போவார். ஏன் பாய் இன்னும் என்று இவர் கேட்டதற்கு, “மருந்துல ஆறுச்சோ தண்ணில ஆறுச்சோ, எதுக்கு வம்பு?” என்றார். கூட்டம் பழையபடி சேர்ந்துவிட்டது. மரங்களும் பிடித்துக்கொண்டன. அடுத்த வருஷம் அதே அதிகாரி ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, தன் கைராசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓசூர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போன கதையை அவள் புருஷனே என்னிடம் சொன்னார். அவர் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு மட்டும் வயிற்றெரிச்சல் தாங்காமல் பேசினார். அதற்கு முந்தின மாதம் பெங்களூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளுக்குக் கண்வலி வந்து, அங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். வந்ததிலிருந்து அவளுக்கு அதே கவலை. அது மைசூர் சர்க்கார். இந்த மரங்கள் அதில் சேராது.

“சந்தையில மாட்டுக் கயித்த எங்கையில குடுத்துட்டு, தோ வர்றேன்னுட்டுப் போனா. வெயிலு ஏறிப்போச்சு, ஆளக் காணோம். எல்லாரும் மாட்ட ஓட்டிகிட்டுப் போயிட்டாங்க. நான் மட்டும் நிக்கறன். பஸ்ஸு ஏறி அத்திப்பள்ளிக்குப் போயி, எல்லைக்கு அந்தாண்ட ஒரு மரத்துக்குச் சொம்புத் தண்ணி ஊத்திட்டு வர்றா. பஸ்ஸுக்குக் காசு யாரும்மா குடுக்கறது?”

“கண்ணு சரியாயிடுச்சா இல்லியா?” என்றாள் அவள், பக்கத்தில் நின்றுகொண்டு.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். எனக்குப் பிடிக்காத பக்கமும் உண்டு. யாருக்காவது குணமாகவில்லை என்றால் அவள் ஒருநாளும் டிஸ்பென்சரியைச் சொல்ல மாட்டாள். மருந்து இல்லாமல் வெறும் சாயத்தண்ணி கலக்கிக் கொடுத்த நாட்களும் உண்டு, கலக்கியவர் என் வீட்டுக்காரர்தான், எனக்குத் தெரியாதா? அவளோ நோயாளியைத்தான் பிடித்துக்கொள்வாள். “நீ அரைக் கொடம் ஊத்தியிருப்ப.” காய்ச்சலில் கிடந்து தலைமுடி கொட்டிப்போன ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது எனக்கு அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டேன்.

“ஏங்க்கா, அந்த குருபரப்பள்ளி டாக்டர்கிட்டதான் ஒரு தடவை போகச் சொல்லேன். சர்க்காரே கதின்னு எதுக்குக் கிடக்கணும்?”

“அவரு நல்லவருதாம்மா. கைராசிக்காரருன்னும் சொல்றாங்க. ஆனா அவர வெச்சிக் காப்பாத்த நம்மால ஆவாது.”

“காப்பாத்தறதா?”

“ஆமா. காருக்கு எண்ணெ, டிரைவருக்குச் சோறு, கிருஷ்ணகிரில மாடி வூடு. அத்தினியும் நம்ம இருமலுலதான ஓடணும்? இது அப்பிடி இல்ல. இது பெரிய வூடு. பிள்ளைங்க சாஸ்தி. சோறு வரும். கொஞ்சம் நேரமாவும்.”

நேரமாகும் என்பதை அவள் குறையாகச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்திருக்கிறவள் மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் அலுப்பாக இருந்தது. அந்த வீட்டுக்குள் குடியிருக்கிறவள் நான், உள்ளே அடுப்பே பற்றவைக்காத நாட்கள் எனக்குத் தெரியும்.

ஒரே மகள் அவளுக்கு. கல்லாவியில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஒரு வருஷம் நன்றாக இருந்தது. தை மாதம் பொங்கல் கழிந்து அந்தப் பெண்ணை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சரியானதும் வந்து அழைத்துக்கொண்டு போகிறோம் என்று சொல்லி அனுப்பினார்களாம். சாயங்காலமானால் காய்ச்சல். இருமினால் சேலைத் தலைப்பில் சிவப்பு. டாக்டர் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொன்னார். படம் வந்தது. காசநோய்தான்.

அந்தப் பேரைக் கேட்டாலே அடுத்த தெருவுக்கு வீடு மாறுகிற காலம் அது. டாக்டர் தாயையும் மகளையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். அவருக்குப் பொறுமை உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இப்போது இதற்கு ஊசி வந்திருக்கிறது. விடாமல் மாதக்கணக்கில் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். பாதியில் விட்டால் போட்டதும் வீண். சானட்டோரியத்தில் தங்கிப் பார்க்க இடம் கேட்டு எழுதுகிறேன். ஊசி மருந்துக்கும் மேலே எழுதுகிறேன், வரும்.

“வரும்தானுங்களே?” என்று அவள் கேட்டாள்.

“வரும்மா.”

அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

அன்றைக்கு மருந்து எதுவும் வாங்காமலே அவள் கிணற்றடிக்கு வந்தாள். முதல் மரத்துக்கு ஊற்றினாள். மறுபடி வந்தாள். பாயின் மரத்துக்கும் ஊற்றினாள். மைல்கல் வரைக்கும் ஒரு மரம் விடவில்லை. அதற்கு முன்னால் அவள் ஒருநாளும் மருந்து வாங்காமல் ஊற்றியதில்லை. என்னக்கா இது என்றேன். “கேக்கறது பெருசு இல்ல?” என்றாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மாசி போய்ப் பங்குனி பிறந்து, எங்கள் கிணற்றில் குடம் முழுகாமல் தரையில் இடிக்கிற வரைக்கும் வந்தாள். கப்பிச் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

சானட்டோரியத்தில் இப்போதைக்கு இடம் இல்லை என்று பதில் வந்தது. நடுவில் ஒருநாள் ஊசி மருந்து வந்தது. சின்னச் சின்னக் குப்பிகள். மகளை வண்டியில் வைத்து நாள் தவறாமல் அழைத்துவந்தாள். இவர்தான் ஊசி போடுவார். அந்தப் பெண் கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தாள், முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. சர்க்காரக்கா போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினாள். “பாத்துக்க. பத்து காசு கேக்கல.”

அந்தக் குப்பிகள் தீர்ந்தன. அடுத்தது வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு, மருந்து கேட்டு மேலே இண்டெண்டு போட்டிருக்கிறது, பார்சல் கிளம்பிவிட்டது என்று இவரும் தினம் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குச் சாயங்காலக் காய்ச்சல் மறுபடி வந்துவிட்டது. குருபரப்பள்ளி டாக்டரிடம் அந்த மருந்து இருந்தது. பணம் கட்டினால் நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். கிணத்துமேட்டை விலைக்குக் கேட்டு ஆள் வந்தாயிற்று. புருஷன் சரி என்றார். அவள் மாட்டேன் என்று நின்றாள். டாக்டர் எழுதியிருக்கிறார், வரும்.

ஒருநாள் மத்தியானம். நான் சமையலறையில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் நிழல் விழுந்தது. டாக்டர் சுவரில் எழுதியதை மதித்து, கிணற்றடியோடு போவாளே தவிர, அவள் என் பின்வாசலுக்கு வந்ததே இல்லை. வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“கையில ஒண்ணும் கொண்டாரல. பாத்துக்க. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவ வந்தேன்.”

“கேளுக்கா.”

“அந்த ஊசி வருமா, வராதா? டாக்டரு வரும்ங்கறாரு. உங்க வூட்டுக்காரரு மூஞ்சியப் பாக்காமப் பேசறாரு. எம்பொண்ணு ராத்திரியில மூச்சுக்கு எந்திரிச்சி ஒக்காந்துக்கறா. நீ சொல்லு. வரும்னா வெச்சிருக்கறன். வராதுன்னா கெணத்த வித்துப்புடறன்.”

முறத்தைக் கீழே வைத்தேன். எனக்கு உண்மை தெரியும். இவர் என்னிடம் மட்டும் சொல்லி, வெளியே விடாதே என்றிருந்தார். ஆனால் அந்தப் பெண் மூச்சுக்கு எழுந்து உட்காருகிறாள் என்று கேட்டபிறகு எதைக் கட்டிக் காப்பது?

“எனக்குத் தெரிஞ்சு இப்போதைக்கு வராதுக்கா. வித்துடு.”

“சர்க்காரு வூட்டுல குடியிருந்துகிட்டு இப்பிடிச் சொல்றியேம்மா. முன்ன வந்துச்சு இல்ல?”

“அது மேலேருந்து வரல. டாக்டர் பெங்களூருக்குப் போய்த் தன் கைக்காசுல வாங்கிட்டு வந்தது.”

“டாக்டரு யாரு? அவரும் சர்க்காருதான?” என்றாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சம்பளம் குடுக்கறது சர்க்கார். அத வெச்சு வாங்கினது அவரு.”

“அவருக்கு ஊருல யாரு இருக்காங்க?”

“அம்மா மட்டும். மாசாமாசம் மணியார்டர் அனுப்புவாரு. இந்த ரெண்டு மாசமா அனுப்பலையாம்.”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கவில்லை. “அப்பிடின்னா அந்தம்மா சோத்த எடுத்தில்ல எம்பொண்ணுக்கு ஊசி போட்டிருக்கறன்” என்றாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “மறுபடி போயி வாங்கிக்கினு வந்தாலும் வருவாரு அந்த மனுசன். அதுக்குள்ள நான் எதுனா செய்யணும்.”

அந்த வாரத்திலேயே கிணத்துமேடு கைமாறியது. நான் சொன்னது சரியென்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். இவர் மட்டும் என்னோடு நாலைந்து நாள் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

குருபரப்பள்ளி டாக்டர் சொன்ன சொல் தவறாமல் ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கியது. அவரை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நோய்க்கு மாதக்கணக்கு என்றேனே, நிலம் விற்ற பணத்துக்கு அவ்வளவு ஆயுசு இல்லை. கோடை முழுக்க அது ஊசியாகக் கரைந்தது. ஆடி மாதம் புருஷன் உழவு மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்று பாய் வந்து சொன்னார். ஓசூர்ச் சந்தையில் வாங்கிய அதே மாடு. அத்தனை நாளும் அவள் டிஸ்பென்சரிப் பக்கம் வரவில்லை. கிணற்றுக் கப்பிக்கும் வேலை இல்லை.

அப்போதுதான் வந்தது. கண்டக்டர் பஸ் மேலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனான். இவர் ஆணியைப் பிடுங்கித் திறந்தார். வைக்கோலுக்குள் வரிசையாகக் குப்பிகள். அந்தப் பெண்ணுக்கு மீதி இருந்த மாதங்களுக்குத் தாராளமாகப் போதும். இவர் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், திரும்ப வைத்தார். அப்புறம் பெட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். “நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா” என்று மட்டும் சொன்னார்.

சர்க்காரக்காவிடம் போய்ச் சொல்ல இவருக்கு முகம் இல்லை. டாக்டரே நடந்து போனார். திரும்பி வரும்போது சட்டை முழுக்கப் புழுதி.

“என்ன சார் சொன்னாங்க?” என்று இவர் கேட்டார்.

“நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்னாங்க.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“மோர் குடுத்தாங்க” என்றார் டாக்டர். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “குடிச்சேன். குடிக்காம வர முடியலைய்யா” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். சுவரில் அவர் எழுதியது அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் வந்தார்கள். வண்டி இல்லை, நடந்துதான் வந்தார்கள். அந்தப் பெண் நடக்கிறாள் என்பதைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். சர்க்காரக்கா இளைத்திருந்தாள். காது ஓட்டையில் ஈர்க்குச்சியும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் வழக்கம் தெரியும் அல்லவா, வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போனாள். எங்கள் குடத்தை எடுத்து, மெதுவாக, நின்று நின்று பாதிக் குடம் சேந்தினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

தாய் எதிரே போய் அந்தக் குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

பாரம் தூக்கக் கூடாது என்று வாங்குகிறாள் என்று நான் நினைத்தேன். அவளே கொண்டுபோய் ஊற்றுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊற்றவில்லை. குடம் அங்கேயே இருந்தது.

“குடுக்கா, இன்னிக்கு நான் ஊத்தறேன்” என்றேன்.

“வேணாம்மா” என்றாள். ரோட்டில் அவள் வளர்த்த மரங்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, ரொம்ப தூரம் நடந்து வந்தவள் பேசுகிற மாதிரி இருந்தது. “இந்தத் தடவ கெணத்தையே ஊத்திட்டேன்.”

உள்ளேயிருந்து இவர், “அடுத்தது யாரு, வாங்க” என்று கூப்பிட்டார். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.